மரபணு வரைபடமும் ஆற்று மீனும்

உழவன் விதைநெல் எடுக்கும்போது கதிரைப் பார்த்து எடுக்கிறான். மீன் வளர்ப்பவனுக்கு அந்த வசதி எல்லாப் பண்புகளுக்கும் இல்லை. வேகமாக வளரும் மீனை எடை போட்டு அறியலாம். நோயைத் தாங்கும் மீனை எப்படி அறிவது? நோய்க்கு உட்படுத்திய மீனைச் சினைமீனாக வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே, அதன் கூடப்பிறந்த மீன்களைச் சோதித்து, அந்தக் குடும்பம் தாங்குமா என்று முடிவு செய்வதே பழைய வழி. அதில் குடும்பத்தின் தரம் தெரியுமே தவிர, தனி மீனின் தரம் தெரியாது.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததே மரபணு வரைபடம். ஒரு பண்புக்குக் காரணமான இடம் எந்தக் குரோமோசோமில் எங்கே இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. துடுப்பில் ஒரு சிறு துண்டு போதும். மீனைச் சாகடிக்காமலே அதன் தரத்தைச் சொல்லிவிடலாம்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. இளம் சால்மன் மீன்களின் கணையத்தைத் தாக்கிக் கூட்டமாகக் கொல்லும் வைரஸ் நோய் ஒன்று உண்டு. அதைத் தாங்கும் ஆற்றலில் மீனுக்கு மீன் காணப்படும் மரபு வேறுபாட்டின் பெரும்பகுதி ஒரே ஒரு குரோமோசோம் பகுதியைச் சார்ந்தது என்று ஸ்காட்லாந்திலும் நார்வேயிலும் 2008, 2009ஆம் ஆண்டுகளில் தனித்தனியே கண்டறிந்தனர். அதன்படி பெற்றோர் மீன்களைத் தேர்ந்தெடுத்தபின், நார்வேயில் அந்நோய் வெகுவாகக் குறைந்தது.

ஆனால், நண்பர்களே, ஒன்றை மறக்கலாகாது. வரைபடம் எதையும் புதிதாகப் படைப்பதில்லை. மீனிடம் ஏற்கெனவே இருப்பதைக் காட்டுகிறது, அவ்வளவே. அந்தச் செல்வம் வந்தது ஆறுகளிலிருந்து. 1970களின் தொடக்கத்தில் நார்வே தன் சால்மன் திட்டத்தைத் தொடங்கியபோது ஏறக்குறைய 40 ஆறுகளின் மீன்களைத் திரட்டியது. நம் நாட்டில் புவனேசுவரத்து மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் நார்வேயின் ஒத்துழைப்புடன் 1992இல் ரோகு மீனில் இப்பணியைத் தொடங்கியது. கங்கை, யமுனை, கோமதி, சட்லெஜ், பிரம்மபுத்திரா ஆகிய ஆறுகளின் ரோகுகளைப் பண்ணை மீனோடு சேர்த்தே ‘ஜெயந்தி ரோகு’ உருவாயிற்று.

“விந்தை உறையவைத்துக் காக்கலாமே, ஆறு எதற்கு?” என்று கேட்பவர் உண்டு. ஆண்மீனின் விந்தைக் காக்க முடிகிறது, உண்மைதான். மஞ்சள்கரு மிகுந்த மீன்முட்டையையும் கருவையும் அவ்வாறு காக்கும் முறை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அதுமட்டுமன்று, நாளை வரும் புதிய நோயை எந்த மீன் தாங்கும் என்று இன்று யாருக்குத் தெரியும்? எதைக் காப்பது, எதை விடுவது? உறைந்த விந்து மாறாமல் கிடக்கும். ஆற்று மீனோ தலைமுறைதோறும் சூழலோடு போராடி மாறிக்கொண்டிருக்கும்.

அந்த ஆற்று மீனைக் கழிவுநீரும் அணைகளும் நெருக்குகின்றன. பண்ணையிலிருந்து தப்பும் மீன்களும் அதனோடு கலக்கின்றன. நார்வேயின் பல ஆறுகளில் இக்கலப்பு ஆய்வுகளால் உறுதியாகியுள்ளது. பட்டாவைப் பெட்டியில் பூட்டிவிட்டு நிலத்தை வெள்ளத்துக்குக் கொடுத்தவன் கதையாக நம் கதை ஆகிவிடக் கூடாது.

எனவே, மரபணு ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும்போதே, அந்த மீனின் தாய் ஆற்றைக் காக்கவும் ஒரு பங்கு ஒதுக்கப்பட வேண்டும். பண்ணைகள் ஆற்றுக்கு நேரும் கலப்பைத் தடுக்கக் கடமைப்பட்டவை. விலங்கியல் பயிலும் நாம் ஆய்வுக்கூடத்தில் காட்டும் அக்கறையை ஆற்றங்கரையிலும் காட்டினால்தான், நாளைய மீன் வளர்ப்பாளனுக்குத் தேர்ந்தெடுக்க ஏதேனும் மிஞ்சும்.