கணக்கியல் தொழிலும் கல்லூரிப் பாடமும்

கணக்கியல் துறையிற் புக விரும்பும் மாணவர்க்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தவுடன் எழும் வினா, கல்லூரியில் எப்பாடத்தை முதன்மையாகக் கொள்வது என்பதாகும். வணிகவியலே என்று உடனே விடை கூறுவார் பலர். அவ்விடை பிழையன்று, ஆயினும் முழு விடையும் அன்று. பட்டம் வேறு, தொழிலுரிமை வேறு என்பதை உணர்ந்த பின்னரே இவ்வினாவை ஆராய்தல் தகும்.

நிறுமங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்து சான்றளிக்கும் உரிமையை எந்தக் கல்லூரியும் வழங்குவதில்லை. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகமே தேர்வும் பயிற்சியும் நடத்தி அவ்வுரிமையை அளிக்கின்றது. அடக்கவிலைக் கணக்கர்க்கு 1959ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மற்றொரு கழகம் உண்டு. பட்டயக் கணக்காளராக விரும்புவார்க்கு வழிகள் இரண்டு. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் நான்கு தாள்களைக் கொண்ட அடிப்படைத் தேர்வை எழுதி மேற்செல்வது ஒன்று. பட்டம் பெற்றபின் அத்தேர்வின்றியே இடைநிலைக்குச் செல்வது மற்றொன்று. இரண்டாம் வழியில் வணிகவியற் பட்டதாரி நூற்றுக்கு 55 மதிப்பெண் பெற்றிருத்தல் வேண்டும். பிற பாடம் பயின்றவர் 60 பெற்றிருத்தல் வேண்டும். ஐந்து மதிப்பெண்ணே வேறுபாடு. கணிதமோ பொருளியலோ, ஏன், தமிழிலக்கியமோ பயின்றவர்க்கும் கதவு அடைக்கப்படவில்லை.

அங்ஙனமாயின் எப்பாடமும் ஒன்றே எனலாமோ? ஆகாது. குடும்பத்தில் முதன்முதற் கல்லூரிப் படியேறும் மாணவர்க்கு வணிகவியலே ஏற்றது. கழகத் தேர்வுகள் கடுமையானவை. ஒவ்வொரு தாளிலும் நூற்றுக்கு 40 பெற்றாலும், மொத்தத்தில் 50 பெறாதவர் தேர்ச்சியடையார். பன்முறை முயன்று இடையில் நின்றுவிடுவோர் உளர். அந்நிலையில் வணிகவியற் பட்டம் பெற்றவர்க்கு வங்கியும், நிறுவனங்களின் கணக்குப் பிரிவும், வரி ஆலோசகர் அலுவலகமும் வாழ்வளிக்கும். வேறு பாடம் பயின்றவரோ, பற்று வரவு விதி முதலாக யாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். வீட்டின் நிலையையும் எண்ணியே பாடம் தேர்தல் வேண்டும், இஃது இழிவன்று.

ஆனால், கணிதத்தில் உண்மையான விருப்பமுடைய ஒருவன் கணக்காளனாக வேண்டுமென்பதற்காகவே அதனைக் கைவிடுதல் வீண். இரட்டைப் பதிவு முறையை முதன்முதல் அச்சில் விளக்கியவர் லூக்கா பச்சியோலி என்னும் இத்தாலியத் துறவி. அவர் கணித ஆசிரியர். 1494ஆம் ஆண்டில் வெனிசு நகரில் வெளிவந்த அவருடைய கணித நூலின் ஒரு பகுதியாகவே அவ்விளக்கம் அமைந்தது. அம்முறையை அவர் தாமே கண்டறிந்தவர் அல்லர். வணிகர் வழக்கத்தைக் கண்டு நெறிப்படுத்தி உரைத்தார். கணித அறிவு கணக்கியலுக்கு அயலன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

மேலும், கூட்டலும் கழித்தலும் இக்காலத்துக் கணினியின் வேலையாகிவிட்டன. கணக்காளர்க்கு எஞ்சியிருப்பது ஆராய்ந்து வினவும் அறிவு. 2009ஆம் ஆண்டு சனவரித் திங்களில், ஐதராபாத்தில் இயங்கிய சத்யம் கணினி நிறுவனத்தின் தலைவர், வங்கியில் இருப்பதாக ஏட்டிற் காட்டிய தொகையில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் பொய்யென்று தாமே எழுதி ஒப்புக்கொண்டார். ஆண்டுதோறும் அக்கணக்குகள் தணிக்கை செய்யப்பட்டே வந்தன. பற்றும் வரவும் ஒத்திருந்தால் மட்டும் கணக்கு மெய்யாகிவிடாது. இப்பணம் வங்கியில் உள்ளதா, அங்ஙனம் கூறுபவர் யாவர், அவர் தந்த சான்று எங்கிருந்து வந்தது என்று விடாது வினவும் மனம் வேண்டும். அம்மனம் வணிகவியல் நூலில் மட்டும் விளைவதன்று. கணிதமாயினும் வரலாறாயினும், ஒரு பாடத்தை ஆழ்ந்து கற்றவர்க்கு அது வாய்க்கும்.

இக்காரணத்தாலேயே, பதினேழு வயதிற் பயிற்சி நிலையத்திற் சேர்ந்து, கல்லூரிப் பட்டத்தை அஞ்சல்வழியில் பெயருக்குப் பெறும் வழக்கம் வருந்தத்தக்கது. பொருளில்லாதார் அவ்வாறு செய்தால் குறை கூறல் ஆகாது. வசதியுடைய பெற்றோரும் ஓராண்டு மிச்சமென்று கருதி மக்களை அவ்வழியிற் செலுத்துகின்றனர். மூன்றாண்டுக் கல்வியை விற்று ஓராண்டை வாங்கும் இவ்வணிகம் எந்தக் கணக்கில் இலாபமோ, அறியோம்.

பதினோராம் வகுப்பிலேயே கருதவேண்டுவது ஒன்றுண்டு. வணிகவியற் பிரிவில் நான்காம் பாடமாக வணிகக் கணிதமும் புள்ளியியலும் கிடைக்கும் பள்ளியாயின் அதனையே கொள்ளுதல் நன்று. அடிப்படைத் தேர்வின் ஒரு தாள் கணிதமும் புள்ளியியலும் தருக்கமும் பற்றியது.

இறுதியாக மொழி. பண்டைத் தமிழில் கணக்கு என்னும் சொல் நூலையும் குறித்தது. கணக்காயர் என்றால் ஆசிரியர். எண்ணும் எழுத்தும் பிரியாதிருந்த காலம் அது. இன்றோ பட்டயக் கணக்காளர் தேர்வுகளை ஆங்கிலத்திலேனும் இந்தியிலேனும் எழுதுதல் வேண்டும். தமிழில் எழுத இயலாது. பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம் எனத் தமிழில் தெளிவாகக் கற்ற மாணவர், அப்பொருள்களைப் பிறமொழியில் எடுத்துரைக்க இயலாது தடுமாறுகின்றனர். அறிவுக் குறையன்று, பழக்கக் குறை. எப்பாடத்தைத் தேர்ந்தாலும், கல்லூரியின் முதலாண்டு தொட்டே நாள்தோறும் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதிப் பழகின் அக்குறை தீரும். தமிழையும் கைவிடலாகாது. 2017ஆம் ஆண்டு சூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின், சிறு கடைக்காரரும் கணக்காளரை நாடுகின்றனர். தம் வரி ஏன் இவ்வளவாயிற்று என்று அவர்கள் தமிழில்தான் கேட்கின்றனர்.