பறக்கும் நேரமும் போய்ச் சேரும் நேரமும்



எங்கள் ஊர் ஓமலூர் பக்கம். வயலில் நின்றால் காமலாபுரம் விமான நிலையத்தில் விமானம் இறங்குவது தெரியும். 2023 அக்டோபரில் பெங்களூருக்குச் சேவை தொடங்கியபோது, "இனிமே பெங்களூரு பக்கத்து ஊரு மாதிரி" என்று ஊரே பேசியது. நானும் நம்பினேன். எங்கப்பா கொத்தனார் வேலை பார்த்தது எலக்ட்ரானிக் சிட்டி பக்கம்.

2024-ல் ஒருநாள் சாயந்திரம், அப்பா சாரத்திலிருந்து விழுந்துவிட்டதாகப் போன் வந்தது. பக்கத்து வீட்டு மாமா, "பிளைட்ல போனா ஒரு மணி நேரந்தானப்பா" என்றார். அன்றைய விமானம் எப்போதோ போய்விட்டிருந்தது. அம்மாவும் நானும் பஸ் ஏறினோம். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி இறங்கும்போது ராத்திரி பதினொன்று. வழி முழுக்க அம்மா பேசவே இல்லை.

அப்பா பிழைத்துக்கொண்டார். அப்புறம் ஒருநாள் ஆற அமர உட்கார்ந்து கணக்குப் போட்டேன். (கணக்கில் நான் புலி இல்லை, ஆனாலும் இது நம்ம வீட்டுக் கணக்கு.)

சேலம் விமான நிலையத்துக்கும் பெங்களூர் விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 160 கி.மீ. ஏ.டி.ஆர். 72 மாதிரி சின்ன விமானம் நடுவானில் மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகம் போகும். அப்படிப் பார்த்தால் இருபது நிமிஷம் போதும். அட்டவணையிலோ ஏறக்குறைய ஒரு மணி நேரம்! ஏனென்றால் அட்டவணை நேரம் பறக்கும் நேரம் மட்டும் இல்லை. நின்ற இடத்திலிருந்து நகர்ந்து, ஓடுபாதைக்கு ஊர்ந்து, ஏறி, இறங்க வரிசையில் காத்திருந்து, மறுபடி ஊர்ந்து போய் நிற்கும் வரைக்கும் சேர்த்துப் போடுவது. முழு வேகம் பிடிக்கும்போதே இறங்க வேண்டிய நேரம் வந்துவிடும்.

அதோடு முடிந்ததா? ஒன்றரை மணி நேரமாவது முன்னாடியே போய் உட்கார வேண்டும். பெங்களூர் விமான நிலையம் இருப்பது தேவனஹள்ளியில், ஊருக்கு வடக்கே 35 கி.மீ. தள்ளி. அப்பா இருந்ததோ தெற்கே, ஓசூர் ரோட்டில். அதாவது விமானம் அப்பாவைத் தாண்டிப் போய் இறங்கும். நாம் நகரம் முழுக்கக் கடந்து திரும்பி வர வேண்டும். எப்படிக் கூட்டினாலும் நாலரை, ஐந்து மணி நேரம். பஸ் நாலு மணி நேரத்தில் விட்டது.

விமானமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேலத்திலிருந்து ஐதராபாத் நேர்கோட்டில் சுமார் 600 கி.மீ. தூரம் கிட்டத்தட்ட நாலு மடங்கு. ஆனால் ஏறுவதும் இறங்குவதும் ஒரே தடவைதான், அதனால் நேரம் நாலு மடங்கு ஆகாது. ராத்திரி பூரா ரயிலில் போகிற தூரம் அது. நம்மைப் போன்ற சின்ன விமான நிலையத்துக்கு அந்த மாதிரி தூரங்கள்தான் லாபம் என்பது என் அபிப்பிராயம். பெங்களூரில் இறங்கி டெல்லிக்கு மாறுகிறவருக்கும் பிரயோஜனம் உண்டு. கொத்தனார் வீட்டுக்கு வேண்டியது ராத்திரி எந்த நேரமும் கிடைக்கிற பஸ்.

அப்பா இப்போது வீட்டில்தான், கொஞ்சம் நொண்டி நடக்கிறார். மேலே சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்த்து, "ஏங் கண்ணு, இது எவ்வளவு நேரத்துல பெங்களூரு போவும்?" என்பார். "எங்கேயிருந்து எங்கேப்பா?" என்று கேட்பேன்.