கிருபைக்கும் ஜாதி உண்டா?

புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் முதலிய கடற்கரை ஊர்ப் பக்கங்களில் சுவிசேஷக் கூட்டம் நடப்பது ஜனங்களுக்குப் புதிதல்ல. அப்படிப்பட்ட கூட்டங்களில் வேறு எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு விஷயங்கள் கட்டாயம் இருக்கும். ஒன்று, மனிதன் தன்னுடைய நற்செய்கையைக் காட்டி மோட்சம் வாங்க முடியாது, கடவுளாகப் பார்த்து இலவசமாகக் கொடுக்கும் கிருபையினால்தான் இரட்சிப்பு என்பது. மற்றொன்று, கிருபை பெற்ற விசுவாசி குடி, சூது, சினிமா முதலிய மாம்சத்தின் கிரியைகளை விட்டொழிக்க வேண்டும் என்பது. முதல் விஷயத்தை மறந்து, "நான் யோக்கியன், அவன் பாவி" என்று மார்தட்டுகிறவனுக்குச் சுயநீதிக்காரன் என்று பேர். இரண்டாவதை மறந்து, "கிருபைதான் இருக்கிறதே" என்று மனம் போனபடி நடப்பவனுக்கு மாம்சத்துக்குரியவன் என்று பேர்.

கடவுள் உண்டா, மோட்சம் உண்டா என்கின்ற ஆராய்ச்சிக்கு நாம் இன்று போகவில்லை. அவற்றைப் பற்றி நம் அபிப்பிராயம் வாசகர்களுக்குத் தெரிந்ததேயாகும். அவர்கள் சொல்லுகிறபடியே வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்கின்றோம். இலவசமாக வந்த கிருபைக்கு மேல்ஜாதி, கீழ்ஜாதி எங்கிருந்து வந்தது?

1876 முதல் 1878 வரை இந்த ராஜதானியைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் கஞ்சித் தொட்டிகளில் கையேந்தி நின்றார்கள். அப்படி நிற்கிற ஒருவன் பக்கத்தில் நிற்கிறவனைப் பார்த்து, "உன் சட்டி என் சட்டியில் படக்கூடாது, எனக்கு வார்த்த கஞ்சி உயர்ந்த கஞ்சி" என்று சொன்னால் அவனை என்னவென்று சொல்லுவது? இருவர் கையிலும் ஓடு. இருவர் வயிற்றிலும் பசி. இருவருக்கும் வார்க்கிறவன் ஒருவன். இதில் உயர்வு எது, தாழ்வு எது? கிருபை என்பது உண்மையானால் ஒவ்வொரு விசுவாசியும் கஞ்சித் தொட்டியில் நிற்பவனே. அங்கே நின்றுகொண்டு ஜாதி பேசுகிறவன் ஒன்று கிருபையை நம்பாதவனாக இருக்க வேண்டும், அல்லது நம்புகிறேன் என்று பொய் சொல்லுகிறவனாக இருக்க வேண்டும்.

இது நம்முடைய குதர்க்கம் என்று யாராவது நினைத்தால் அவர்களுடைய வேதத்தையே எடுத்துப் பார்க்கட்டும். கலாத்தியருக்குப் பவுல் எழுதிய நிருபம் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு சண்டை வருகிறது. அந்தியோகியா என்னும் பட்டணத்தில் பேதுரு யூதரல்லாத விசுவாசிகளோடு கூட உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சில யூத விசுவாசிகள் வந்ததும், அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்து பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள். பர்னபாவும் கூடப் போய்விட்டார். அப்பொழுது பவுல் எல்லோருக்கும் முன்பாகப் பேதுருவைக் கண்டித்தார். அந்தக் கண்டனத்தைத் தொடர்ந்துதான், மனிதன் ஆசாரத்தினால் நீதிமானாவதில்லை, விசுவாசத்தினால்தான் நீதிமானாகிறான் என்கின்ற பேச்சே அந்நிருபத்தில் வருகிறது.

தோழர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். கிருபை என்கின்ற தத்துவத்துக்காகப் பவுல் அங்கே தகராறு செய்தது ஆகாயத்து மோட்சத்தைப் பற்றியல்ல; சாப்பாட்டுப் பந்தியைப் பற்றி. நம் பாஷையில் சொன்னால் சமபந்தி போஜனத் தகராறு. கூட உட்கார்ந்து சாப்பிட மறுத்தவர் மகா பெரிய அப்போஸ்தலராயிருந்தும், கிருபையை வீணாக்குகிறவர் என்கின்ற குற்றச்சாட்டு அவர்மேல் வந்தது. அப்படியானால் பந்தி பிரித்து, கோவிலில் இடம் பிரித்து, கடைசியில் கல்லறையையும் பிரித்து வைத்திருக்கிறவர்களைப் பவுல் வந்தால் என்ன சொல்லுவார்?

நிற்க, அந்தியோகியா வெகு தூரம். நம் புதுப்பட்டினத்துக்குப் பக்கத்திலிருக்கும் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்குப் போய்ப் பார்க்கலாம். அங்கே டச்சுக்காரர்களுடைய சமாதிகள் இருக்கின்றன. எழுத்தும் சித்திர வேலையுமாக அழகாய்ச் செதுக்கிய கற்கள். அந்த டச்சுக்காரர்களுடைய சபை கிருபைக்குப் பேர்போன சபை. 1618, 1619-ம் வருஷங்களில் ஹாலந்து தேசத்து டோர்ட் நகரில் மகாநாடு கூட்டி, மனிதனுடைய யோக்கியதை ஒன்றுமில்லை, எல்லாம் தேவ கிருபையே என்று தீர்மானம் செய்தவர்கள். அதே நூற்றாண்டில் அந்தத் தேசத்துக் கம்பெனி, சோழமண்டலக் கரையில் பஞ்சத்தினாலும் யுத்தத்தினாலும் பரிதவித்த ஏழைகளை ஆயிரக்கணக்கில் அடிமைகளாக விலைக்கு வாங்கி, பத்தேவியாவுக்கும் இலங்கைக்கும் கப்பல் ஏற்றியது. கிருபை இலவசம், மனிதனுக்கு மாத்திரம் விலை! துரைகளுடைய சமாதிக் கல் நிற்கிறது. கப்பல் ஏறினவர்களுக்கு ஒரு செங்கல்லாவது உண்டா?

அவர்கள் வியாபாரிகள், வேத ஊழியக்காரர்கள் அல்ல என்று சிலர் சமாதானம் சொல்லலாம். சரி, வேத ஊழியக்காரர்களையே பார்ப்போம். விசுவாசம் ஒன்றே போதும் என்னும் லூத்தர் மார்க்கத்தைச் சேர்ந்த சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழ் கற்றார்; அச்சுக்கூடம் வைத்தார்; பள்ளிக்கூடம் வைத்தார். அந்த உபகாரங்களை நாம் மறைக்கவில்லை. ஆனால் அந்த மிஷன் சபைகளுக்குள் ஜாதிக்கு ஜாதி தனி இடம் என்கின்ற வழக்கம் நுழைந்து, நூறு வருஷத்துக்கு மேல் குடியிருந்தது. நற்கருணை வாங்குவதிலுங்கூட முன் ஜாதி, பின் ஜாதி பார்க்கப்பட்டது. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். உடனே என்ன நடந்தது? தஞ்சாவூர் முதலிய இடங்களில் உயர்ஜாதி விசுவாசிகள் கூச்சல் போட்டார்கள். பலர் சபையையே விட்டு விலகினார்கள். அதாவது, கிருபையா ஜாதியா என்று வந்தபோது கிருபையை விட்டுவிட்டு ஜாதியைக் கட்டிக்கொண்டார்கள்.

கத்தோலிக்கர்களும் இதில் பின்வாங்கினவர்கள் அல்ல. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கோவிலுக்கு ஒரே பீடம், இரண்டு கை. கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல, வேளாளர்களுக்கு ஒரு பக்கம், நாடார்களுக்கு ஒரு பக்கம். 1910-ல் பாதிரியார் தடுப்பை எடுத்தபோது, ஜாதி உரிமை போய்விட்டது என்று கோர்ட்டுக்குப் போனார்கள். இதெல்லாம் பழங்கதை என்று தள்ளவும் வழியில்லை. அப்போது விழுப்புரம் ஜில்லாவில் இருந்த ஏறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டதையொட்டிக் கலகம் மூண்டு, 2008 மார்ச்சு 9-ந் தேதி போலீசார் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். செத்தவர்களும் கிறிஸ்தவர்கள். எதிர்த்தரப்பாரும் கிறிஸ்தவர்கள். எல்லோருக்கும் ஒரே வேதம், ஒரே ஞானஸ்நானம். ஜாதி மாத்திரம் இரண்டு!

இனி மாம்சத்தின் கிரியைக்கு வருவோம். அதே கலாத்தியர் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் மாம்சத்தின் கிரியைகளுக்கு ஒரு ஜாப்தா இருக்கிறது. விபசாரமும் வெறியும் அதில் உண்டு. ஆனால் அந்த ஜாப்தாவில் சுமார் பாதி, பகை, விரோதம், சண்டை, பிரிவினை, பொறாமை என்று ஒரு மனிதன் மற்றொரு மனிதனுக்குச் செய்யும் கெடுதலைப் பற்றியதாகவே இருக்கிறது. நம் பிரசங்கிகள் குடிக்கிறவனைப் பெயர் சொல்லாத குறையாய்த் திட்டுகிறார்கள். சினிமாவுக்குப் போகிறவனைத் திட்டுகிறார்கள். பூ வைத்துக்கொண்ட பெண்ணைத் திட்டுகிறார்கள். "உன் மகளுக்கு வரன் தேடும்போது ஜாதி பார்க்கிறாயே, அதுவும் மாம்சந்தானே?" என்று எத்தனை பேர் மேடையேறிக் கேட்டிருக்கிறார்கள்? குடிகாரனைத் திட்டினால் காணிக்கைத் தட்டு குறையாது. ஜாதிக்காரனைத் தொட்டால் குறையும். இரகசியம் இவ்வளவுதான்.

பரிசேயன் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. வாரத்தில் இரண்டு நாள் உபவாசம், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை, "அந்த ஆயக்காரனைப் போல் நான் இல்லை" என்று ஜெபம். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "நல்லவேளை, நாம் பரிசேயர் அல்ல" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவன்தான் அசல் பரிசேயன். பிறந்த ஜாதியைப் பெருமையாக நினைக்கிறவனோ அவனிலும் மோசம். பரிசேயனாவது பட்டினி கிடந்து பெருமை தேடினான். இவன் பிறந்ததைத் தவிர வேறென்ன செய்தான்?

"ஜாதி ஹிந்து மதத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த தொத்து வியாதி, எங்கள் மதத்தின் குற்றமல்ல" என்று சிலர் சொல்லுகிறார்கள். வியாதி எங்கிருந்து வந்தது என்பதில் நமக்குத் தகராறில்லை. வைத்தியன் என்று பலகை போட்டுக்கொண்டவன் முன்னூறு வருஷமாக மருந்து கொடுத்தும் வியாதி ஏன் போகவில்லை என்பதே நம் கேள்வி. "இருதயம் மாறினால் எல்லாம் மாறும்" என்கிறார்கள். மாறியது என்பதற்கு அடையாளம் வேண்டாமா?

அடையாளம் எப்படி இருக்கும் என்பதற்கு நம் செங்கல்பட்டு ஜில்லாவிலேயே சான்று உண்டு. 1891-ல் இந்த ஜில்லாக் கலெக்டர் திரமென்ஹீர், ஒடுக்கப்பட்ட ஜனங்கள் குடியிருக்கும் மனைக்கூடச் சொந்தமில்லாமல் படும் பாட்டை அறிக்கையாக எழுதினார். செங்கல்பட்டில் ஊழியம் செய்த ஸ்காத்லாந்து சபைப் பாதிரி ஆண்ட்ரூ, வெஸ்லியன் மிஷன் பாதிரி கூடி முதலியோர் அந்த ஜனங்களுக்கு நிலம் வேண்டும் என்று பரிந்து பேசினார்கள். 1892-ல் சர்க்கார் உத்தரவு பிறந்து, பஞ்சமி நிலம் என்பது ஏற்பட்டது. அந்தப் பாதிரிமார்கள் மதத்தில் ஆள் சேர்க்கும் எண்ணத்தோடும் செய்திருக்கலாம். ஆயினும் நிலம் நிலந்தான். கண்ணுக்குத் தெரியாத கிருபையைப் பற்றி நூறு பிரசங்கம் கேட்பதைவிட, காலுக்குக் கீழே ஒரு காணி நிலம் மேலல்லவா?

தவிரவும், ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். 1950-ல் சர்க்கார் போட்ட ஷெட்யூல்டு ஜாதிகள் உத்தரவு முதலில் பெரும்பாலும் ஹிந்துக்களுக்கே உரியதாயிருந்தது. 1956-ல் சீக்கியர்களையும், 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. "உங்கள் மதத்தில்தான் ஜாதி இல்லையே" என்பது சர்க்கார் பக்கத்து வாதம். கோவிலுக்குள் போனால் "நீ இன்ன ஜாதி" என்று காட்டுகிறார்கள். கச்சேரிக்குப் போனால் "உனக்கு ஜாதியே இல்லை" என்கிறார்கள். இழிவு வரும்போது ஜாதி உண்டு. உரிமை கேட்கும்போது ஜாதி இல்லை! இந்த அநியாயத்துக்கு முதல் பொறுப்பாளி, கோவிலுக்குள் ஜாதியை வைத்துக் காப்பாற்றின உயர்ஜாதி விசுவாசியே ஆவான்.

கடைசியாக, இதைப் படித்துச் சந்தோஷப்படும் நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பரிசேயன் மாதாகோவிலில் மாத்திரம் இல்லை. மேடையில் ஜாதி ஒழிய வேண்டும் என்று பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து சொந்த ஜாதியில் ஜாதகமில்லாமல் சம்பந்தம் பேசிவிட்டதையே பெரிய சீர்திருத்தமாக எண்ணிக்கொள்ளும் பகுத்தறிவுவாதியும் பரிசேயன்தான். "நாம் மூடநம்பிக்கைக்காரர்கள் அல்ல" என்று சொல்லிக்கொள்ளுவதும் ஒருவிதச் சுயநீதியே.

ஆகவே, கிறிஸ்தவத் தோழர்களானாலும் சரி, நம் தோழர்களானாலும் சரி, எதை நம்புகிறாய் என்று நாம் கேட்கப்போவதில்லை. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய்? யார் வீட்டில் பெண் கொடுத்து எடுக்கிறாய்? உன் தகப்பனைப் புதைக்கும் இடத்தில் யார் தகப்பனைப் புதைக்க விடுகிறாய்? இந்த மூன்று கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லக்கூடியவன் கிருபை என்று சொன்னாலும், சுயமரியாதை என்று சொன்னாலும் நமக்கு ஆட்சேபணையில்லை. பதில் சொல்ல முடியாதவன் எதைச் சொன்னாலும் வெறும் வாய்ப்பேச்சே ஒழிய வேறில்லை என்று சொல்லி முடிக்கின்றோம்.