சவுண்ட்பார்: வாட்ஸைப் பார்த்து வாங்காதீர்கள்!

சவுண்ட்பார் வாங்க நினைக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ் வாங்கலாம்?" என்பதுதான். என்னைக் கேட்டால், அது கடைசிக் கேள்வியாக இருக்க வேண்டும்.

மெல்லிய டிவிக்களில் பெரிய ஸ்பீக்கருக்கு இடமில்லை. பலவற்றில் அது கீழ்நோக்கியோ பின்பக்கமோ இருக்கும். அதனால் இசை அலறும், வசனம் புரியாது. வாட்ஸைக் கூட்டினால் அலறல்தான் கூடும்.

அட்டைப் பெட்டியில் 2.1, 3.1 என்று போட்டிருப்பதைக் கவனியுங்கள். புள்ளிக்குப் பின்னால் உள்ள 1, சப்வூஃபர். 2 என்றால் இடது, வலது மட்டும். 3 என்றால் நடுவில் தனி ஸ்பீக்கர் உண்டு. சினிமா வசனம் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வரும். காது மந்தமான பெரியவர்கள் உள்ள வீட்டில், அதிரும் பாஸைவிட இதற்கே பணம் கொடுங்கள் என்பேன்.

கடைக்குப் போகும் முன் டிவியின் பின்புறம் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. போர்ட் ஒன்றில் ஏ.ஆர்.சி. என்று எழுதியிருந்தால் ஒரே கேபிள் போதும். இல்லையெனில் ஆப்டிகல் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். புளூடூத்தில் உதடு அசைந்த பிறகு குரல் வரலாம்.

கடையில் பாட்டுப் போட்டுக் காட்டுவார்கள். நீங்கள் செய்திகளை வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டால் வாங்குங்கள்.