நம்பச் சொல்லாதீங்க, நம்புற மாதிரி நடந்துக்கோங்க

பட்டணத்து நண்பர்கள் அனுப்புற கட்டுரைகள்ல இப்ப ஒரே பாட்டுதான். மருத்துவத்துல செயற்கை நுண்ணறிவு வந்துருச்சு, ஆனா கிராமத்து ஜனங்க அதை நம்பத் தயங்குறாங்க, அவங்களுக்கு விழிப்புணர்வு ஊட்டணும் அப்படின்னு. படிக்கிறப்பவே எனக்குக் கோபம் வருது.

சம்சாரிக்கு நம்பத் தெரியாதா? விதைப் பாக்கெட்டுல ஒட்டியிருக்கிற சீட்டை நம்பித்தான் ஒரு போக வெள்ளாமையையே மண்ணுல போடுறோம். ஜூன் மாசம் பெரியாறுத் தண்ணி வரும்னு நம்பித்தான் கம்பம் பள்ளத்தாக்குல முதல் போகத்துக்கு நாத்துப் பாவுறாங்க. நம்புறது எங்களுக்குப் புதுசு இல்ல. யாரை, எதை வச்சு நம்புறதுன்னு கேட்கிறோம். அவ்வளவுதான்.

எலக்ட்ரானிக் தராசையே எடுத்துக்கோங்க. அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு எந்த விவசாயிக்கும் தெரியாது. ஆனா வாழைத்தாரையும் தக்காளியையும் அதுலதான் வைக்கிறோம். வருசா வருசம் தொழிலாளர் துறை அதைச் சோதிச்சு முத்திரை போடணும்னு சட்டம் இருக்கு. முத்திரை இல்லாம வச்சிருந்தா அபராதம். எடையில சந்தேகம் வந்தா எங்க போய்க் கேட்கணும்னு தெரியும். தராசுக்கு எங்களுக்கு யாரும் விழிப்புணர்வு முகாம் நடத்தல. முத்திரையும், தட்டிக் கேட்க ஒரு ஆளும் இருந்ததால நம்பினோம்.

இப்ப ஆஸ்பத்திரிக்கு வருவோம். நம்ம மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில நடக்கிறதே நல்ல உதாரணம். சுகர் இருக்கிறவங்களுக்குக் கண்ணுக்குள்ள விழித்திரையில இருக்கிற ரத்தக்குழாய் கசியும், அடைக்கும். வலி இருக்காது. பார்வை மங்குறப்பதான் தெரியும், அதுக்குள்ள பாதி சேதம் ஆகியிருக்கும். முன்கூட்டியே கண்டுபிடிச்சா லேசர் வச்சு, ஊசி போட்டுப் பெரும்பாலும் பார்வையைக் காப்பாத்திடலாம். அதனால வருசத்துக்கு ஒரு தடவை விழித்திரையைப் பார்க்கணும். 2023ல வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி தமிழ்நாட்டுப் பெரியவங்கள்ல 100க்கு 14 பேருக்கு மேல சுகர். இத்தனை பேர் கண்ணையும் வருசா வருசம் பார்க்க டாக்டர்களுக்கு எங்க போறது?

அதுக்குத்தான் கூகுள் ஒரு மென்பொருள் செஞ்சுது. அமெரிக்காவுலயும், அரவிந்த் உட்பட இந்தியாவுல மூணு கண் ஆஸ்பத்திரிகள்லயும் எடுத்த 1,28,000 விழித்திரைப் படங்களைக் காட்டிப் பழக்கினாங்க. 2016ல ஆய்வு வெளிவந்துச்சு. 2019லிருந்து 2023 வரை தமிழ்நாட்டுல 45 இடங்கள்ல 6 லட்சம் பேருக்கு மேல அதை வச்சுப் பார்த்திருக்காங்க. அதோட விடல. ஒரு பகுதிப் படங்களைத் திரும்ப எடுத்து டாக்டர்களை வச்சுச் சரிபார்த்தாங்க. கடுமையான பாதிப்பு இருக்கிறவங்கள்ல 100க்கு 97 பேரை மெஷின் சரியாப் பிடிச்சிருக்கு.

நல்ல விசயம்தான். மெஷினே வேண்டாம்னு சொல்ற ஆள் நான் இல்ல. டாக்டர் கண்ணும் தப்பு பண்ணும். ஆனா விட்டுப்போன அந்த 3 பேர் யாரு? "ஒண்ணும் இல்ல, போயிட்டு வாங்க"ன்னு கேட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிருக்கக் கூடியவங்க. இந்தக் கணக்கு இங்கிலீஷ் மருத்துவ இதழ்ல அச்சாகியிருக்கு. படம் எடுக்கிற இடத்துச் சுவர்ல தமிழ்ல ஏன் எழுதி வைக்கக் கூடாது? "கடுமையான பாதிப்பு இருக்கிறவங்கள்ல 100க்கு 3 பேரை இந்த மெஷின் தவற விடலாம், பார்வையில மாத்தம் தெரிஞ்சா காத்திருக்காம வாங்க"ன்னு ரெண்டு வரி. தப்பைச் சொன்னா ஜனங்க ஓடிருவாங்கன்னு நினைக்காதீங்க. மழை பெய்யலாம், பெய்யாமலும் போகலாம்னு தெரிஞ்சே விதைக்கிறவங்க நாங்க.

இதே மென்பொருளைத் தாய்லாந்துல 11 சுகாதார நிலையங்கள்ல வச்சப்ப நடந்ததையும் கேளுங்க. ஐந்துல ஒரு படத்துக்கு மேல சரியில்லைன்னு மெஷின் தள்ளிருச்சு. அறையில வெளிச்சம் சரியா அமையல, இன்டர்நெட்டும் மெதுவு. படம் தேறாதவங்களை வேற ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கச் சொன்னாங்க. அதுக்கு ஒரு நாள் கூலி போகும், வண்டிச் செலவு ஆகும். மென்பொருள் ஒண்ணுதான், ஆனா அதைச் சுத்தியிருக்கிற ஏற்பாடு வேற.

மதுரையில அந்த ஏற்பாடு எப்படி வந்துச்சு? டாக்டர் வெங்கடசாமி 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி அது. ஊர் ஊராக் கண் முகாம் போட்டாங்க. புரை இருக்கிறவங்களைப் பஸ் வச்சுக் கூட்டிட்டுப் போய், இலவசமா ஆபரேசன் செஞ்சு, சோறும் போட்டுத் திரும்பக் கொண்டாந்து விட்டாங்க. பார்வை வந்தவங்க ஊர்ல நடமாடினதைப் பார்த்து அடுத்தவங்க போனாங்க. அங்க இன்னைக்கு மெஷின் முன்னாடி தாடையை வைக்கிற பெரியவர் கூகுளை நம்பி வைக்கல. நாப்பது வருசத்துக்கு மேல வந்து போன அந்தப் பஸ்ஸை நம்பி வைக்கிறார்.

இதை விட்டுட்டு, "கிராமத்துல டாக்டர் வர மாட்டேங்கிறாங்க, மெஷின் வச்சாச் சரியாப்போகும்"னு பேசுறீங்களே, அதைத்தான் நான் எதிர்க்கிறேன். பண்ணைப்புரத்துல ஒருத்தருக்கு மெஷின் "உடனே டாக்டரைப் பாருங்க"ன்னு சொல்லுதுன்னு வைங்க. அவர் தேனிக்கோ க.விலக்கு பெரியாஸ்பத்திரிக்கோ போகணும். அன்னைக்கு வேலையை விடணும், கூட ஒரு ஆள் வேணும். அங்க டாக்டரும் லேசரும் தயாரா இருந்தாத்தான் மெஷின் சொன்னதுக்குப் பலன். டாக்டருக்குத் துணையா மெஷின் வரட்டும். காலிப் பணியிடத்தை மறைக்கிற திரையா வரவேண்டாம்.

இன்னொண்ணு. எங்க கண் படம் எங்க போகுது, யார் வச்சிருக்காங்க? 2023ல வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்கிற அறிவிப்பை நம்ம மொழியிலயே படிக்க வழி தரணும்னு சொல்லுது. கைநாட்டு வைக்கிற பாட்டிக்கு அதை வாய்விட்டுப் படிச்சுக் காட்ட ஒரு ஆள் வேணும்.

அதனால, கிராமத்துக்கு மருத்துவ மெஷின் கொண்டுவர்ற திட்டத்துல நீங்களோ உங்க கம்பெனியோ இருந்தா, விழிப்புணர்வு நோட்டீஸ் அடிக்கிற காசை மிச்சம் பண்ணுங்க. நாலு கேள்விக்குப் பதில் எழுதிக்கிட்டு வாங்க. எத்தனை பேரைத் தவற விடும்? வருசா வருசம் யார் சோதிப்பாங்க? தப்பாச் சொன்னா யார் பொறுப்பு, அவர் போன் நம்பர் என்ன? நோய் இருக்குன்னு சொன்ன பிறகு எந்தப் பஸ், எந்த டாக்டர்? தமிழ்ல, சாவடியில உட்கார்ந்து, எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. கேட்டுக்கிட்டு நாங்க முடிவு பண்றோம்.