எண்ணிக்கைப் புகழும் எழுதப்படாத விமரிசனமும்

குழந்தைகளுக்காக எழுதிய ஆசிரியர் ஒருவர் மறைந்தால் நாம் நிகழ்த்தப்போகும் இரங்கல் உரையை இன்றே எழுதி வைத்துவிடலாம். இத்தனை ஆண்டு ஆசிரியப் பணி, இத்தனை நூல்கள், இன்னின்ன விருதுகள், எளிய மனிதர், குழந்தை உள்ளம் படைத்தவர். அவ்வளவுதான். அவர் எழுதியவற்றுள் எது நல்ல பாட்டு, எது எதுகைக்காகச் சொல்லைத் திணித்த பாட்டு என்று ஒரு வரி இராது. நூல்களை எண்ணுவது எளிது. படிக்கத்தான் நேரம் வேண்டும். மரியாதையின் வேடம் பூண்டு வரும் இந்த எண்ணிக்கைப் புகழ், எழுதியவனுக்கு நாம் செய்யும் அவமதிப்பு என்பதே என் கட்சி.

ம. இலெ. தங்கப்பாவை எடுத்துக்கொள்கிறேன். பத்தமடையிலிருந்து அம்பாசமுத்திரம், கடையம் வழியாகத் தென்காசிப் பக்கம் போனால் பாவூர்ச்சத்திரத்தை அடுத்து குரும்பலாப்பேரி. அங்கே 1934இல் பிறந்தவர். அன்று அது நெல்லை மாவட்டம். 2019 முதல் தென்காசி மாவட்டம். புதுவையில் பள்ளி ஆசிரியராகவும் பின்னர் தாகூர் கலைக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகவும் பணியாற்றியவர். 'சோளக்கொல்லைப் பொம்மை' என்ற சிறுவர் பாடல் நூலுக்காக 2011இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றார். அடுத்த ஆண்டே, சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்த 'லவ் ஸ்டேண்ட்ஸ் அலோன்' நூலுக்காக அதே அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசும் வந்தது. 2018 மே 31 அன்று புதுவையில் மறைந்தார்.

இரண்டு பரிசுகளுக்கும் ஒரே மதிப்புத்தான். ஆனால் நம்மவர் பேச்சில் அவை ஒன்றாகவா நிற்கின்றன? பென்குயின் வெளியிட்ட ஆங்கில நூலைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவர்கள், தமிழ்ப் பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுதியதைப் போகிற போக்கில் 'குழந்தைப் பாடல்களும் எழுதியிருக்கிறார்' என்று முடித்துவிடுகிறார்கள். அந்த 'உம்' விகுதிக்குள் ஒரு வாழ்நாள் உழைப்பு ஒடுங்கிவிடுகிறது. தினைப்புனத்தில் கிளி கடியும் தலைவியைப் பற்றி எங்கள் துறைகளில் ஆய்வேடுகள் குவிகின்றன. சோளக்கொல்லையில் நிற்கும் பொம்மைக்கு மட்டும் அங்கே நிற்க இடமில்லை.

பெரியசாமித் தூரன் கதையும் வேறில்லை. அவரும் ஆசிரியராயிருந்தவர். கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளுக்காகவும் கீர்த்தனைகளுக்காகவும் அவரை நினைவுகூர்கிறோம், நியாயந்தான். ஆனால் 'கொல்லிமலைக் குள்ளன்', 'சூரப்புலி' என்ற சிறுவர் நூல்களின் பெயரையாவது சொல்லும் தமிழ் முதுகலை மாணவர் எத்தனை பேர்?

இந்த வரிசைமுறை நம்மிடம் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதற்கு அகாதெமியே சாட்சி. அதன் முதல் தமிழ் விருது 1955இல் நம் தாமிரபரணிக் கரை இராசவல்லிபுரத்தில் பிறந்த ரா. பி. சேதுப்பிள்ளையின் 'தமிழின்பம்' நூலுக்குக் கிடைத்தது. மொழிபெயர்ப்புக்குத் தனிப்பரிசு 1989இல் வந்தது. குழந்தைகளின் முறை வந்தது 2010இல். பந்தியில் முதலில் அமர்த்த வேண்டிய பிள்ளைகளை ஐம்பத்தைந்து ஆண்டு வாசலில் நிறுத்தியிருக்கிறோம். அதன் பிறகும் முதன்மை விருதுக்கு ஒரு லட்சம், இதற்கு ஐம்பதாயிரம். பிள்ளைக்கு அரை டிக்கெட் என்ற பேருந்துக் கணக்கு இலக்கியத்துக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

பழியை முழுவதும் அகாதெமியின் தலையில் போடவும் மாட்டேன். நம் மரபே இவ்விஷயத்தில் விசித்திரமானது. பிள்ளைத்தமிழ் என்றொரு சிற்றிலக்கிய வகையே வைத்திருக்கிறோம். இதே ஆற்றங்கரையின் ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் மீனாட்சியம்மையைப் பிள்ளையாக்கிப் பாடிய அழகை வகுப்பில் சொல்லும்போது எனக்கே குரல் தழுதழுக்கும். ஆனால் காப்பும் தாலும் செங்கீரையும் எந்தக் குழந்தை பாடுவதற்காக எழுதப்பட்டவை? பிள்ளையைப் பாடுவதில் நமக்கு நிகரில்லை. பிள்ளைக்குப் பாட எட்டயபுரத்துப் பாரதியும் தேரூர்க் கவிமணியும் வரவேண்டியிருந்தது. நாட்டார் தாலாட்டும் விளையாட்டுப் பாட்டும் வேறு கணக்கு. அவற்றையும் புலவர்கள் இலக்கியம் என்று ஒப்புக்கொள்ள வெகுகாலம் ஆயிற்று.

பத்தமடை என்றதும் வெளியூரார் பட்டுப்பாயைத்தான் கேட்பார்கள். மணமக்கள் பெயரை நெய்து தரும் அந்தப் பாய் சுவரிலும் கண்ணாடிப் பேழையிலும் இருக்கும். எங்கள் வீடுகளில் பிள்ளைகள் உருண்டு புரண்டு தூங்குவது சாதாரணக் கோரைப்பாயில். அதற்கும் கோரையைக் கீறிக் காயவைத்துச் சாயமேற்ற வேண்டும். அதன் நெசவிலும் நல்லது கெட்டது உண்டு, அது எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தெரியும்.

'குழந்தை இலக்கியம் என்ற பெயரில் வருவதெல்லாம் குப்பை, அதை எப்படி ஐயா பாடமாக வைப்பது?' என்று சக பேராசிரியர்கள் கேட்கிறார்கள். குப்பை மிகுதி என்பதை நான் மறுக்கவில்லை. பல் துலக்கு, பெற்றோரைப் பணி, மரம் நடு என்று கட்டளையிட்டு, 'நன்று', 'இன்று' என்று அடிமுடித்துத் தரும் தொகுப்புகள் நூலகங்களை நிரப்பிக் கிடக்கின்றன. நாவலிலும் புதுக்கவிதையிலுந்தான் குப்பை மிகுதி. அங்கே சலித்தெடுக்க விமரிசனம் இருக்கிறது. இங்கே சல்லடையே கிடையாது. ஆகவேதான் தங்கப்பாவும், வாரம் ஒரு நூல் அச்சிட்டுத் தள்ளுகிறவரும் ஒரே பொன்னாடை போர்த்தி ஒரே மேடையில் அமர்த்தப்படுகிறார்கள்.

விமரிசனம் என்றால் பெரிய கோட்பாடுகளைக் கேட்கவில்லை. எழுத்தறியாத நான்கு வயதுப் பிள்ளை ஒருமுறை கேட்டால் சீர் நாவில் நிற்கிறதா? பாட்டுக்குள் வரும் குழந்தை ஏதேனும் செய்கிறதா, அல்லது கைகட்டிக் கேட்டுக்கொண்டே இருக்கிறதா? காக்கையும் ஆடும் தம் குணத்தோடு வருகின்றனவா, நீதி சொல்லும் கூலிக்கு வருகின்றனவா? இவற்றைச் சொல்லத் தமிழ் யாப்பு அறிந்த ஆசிரியனைவிடத் தகுதியானவன் யார்? குறுந்தொகையின் நாலைந்து அடிகளுக்குள் அடங்கிய உலகை இன்னொரு மொழிக்கு மாற்றியவருக்கு எந்தச் சொல் மிகை என்பது தெரிந்திருக்கும். அந்தச் செவி அவருடைய சிறுவர் பாட்டில் என்ன செய்தது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு முனைவர் பட்டத்துக்கே தாங்கும் பொருள்.

நான் முதுகலை படித்த இரண்டு ஆண்டில் எந்தத் தாளிலும் ஒரு சிறுவர் பாடல் பாடமாக இருந்ததில்லை. அன்று என்னோடு படித்தவர்களிற் பலர் இன்று பள்ளி ஆசிரியர்கள். தினமும் பிள்ளைகளின் முன் நிற்கப்போகிறவர்களுக்குக் கலம்பகத்தின் உறுப்புகள் பதினெட்டையும் நெட்டுருப் போட வைத்து அனுப்பினார்கள். கலம்பகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐந்து அலகுகளில் ஒன்றைக் கேட்கிறேன்: கவிமணியிலிருந்து சில, தூரனின் கதை ஒன்று, 'சோளக்கொல்லைப் பொம்மை' முழுவதும். அடுத்த முறை பாடத்திட்டக் குழு கூடும்போது இதை எழுத்தில் தரப்போகிறேன். இடமில்லை என்றால் எந்தப் பாடத்துக்காக இடமில்லை என்பதையும் எழுத்திலேயே கேட்பேன்.