நடப்பவருக்குத் துப்பாக்கி வழிவிடட்டும்

காட்டுப்பன்றியைச் சுடலாமா கூடாதா என்ற வாதம் தமிழகத்தில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. 2025 ஜனவரியில் அன்றைய வனத்துறை அமைச்சர் க.பொன்முடி சட்டமன்றத்தில் அறிவித்த ஏற்பாடு இது: காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைத் தொடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கி.மீ.க்கு அப்பால் வந்து பயிரை அழித்தால் வனத்துறையினர் சுடலாம். கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தரப்பு, வனத்துறை ஊழியர் ஆகியோர் அடங்கிய கிராமக் குழு இதைப் பரிந்துரைக்க வேண்டும். பன்றியால் பயிரை இழந்தவர்களின் நெடுநாள் கோரிக்கை இது. நாமும் இதை எதிர்க்கவில்லை. ஆனால் இந்தக் கணக்கில் தூரமெல்லாம் காட்டிலிருந்துதான் அளக்கப்படுகிறது. மனிதர் நடக்கும் வரப்பிலிருந்து எத்தனை அடி தள்ளித் துப்பாக்கி நிற்க வேண்டும் என்பது பேச்சில் அடிபடவே இல்லை.

யோசித்துப் பார்த்தால் விபரீதம் புரியும். காட்டை விட்டு விலக விலக ஊர் நெருங்குகிறது. காட்டு விலங்கைக் காக்கப் போட்ட 3 கி.மீ. கோடு, துப்பாக்கியை ஆள்நடமாட்டம் அதிகமுள்ள பக்கத்துக்கு நகர்த்தியிருக்கிறது. அடர்ந்த காட்டோரத்தில் சுடக் கூடாது, குடியிருப்பை ஒட்டிய கழனியில் சுடலாம் என்று ஆகிறது.

திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி வட்டாரத்தை வைத்தே பார்ப்போம். மேற்கே படவேடு, சந்தவாசல், கண்ணமங்கலம் பக்கம் ஜவ்வாது மலையின் அடிவாரம். அங்கிருந்து கிழக்கே வர வர ஏரிப் பாசனக் கழனிகள், கரும்பு, மல்லாட்டை எனும் நிலக்கடலைக் கொல்லைகள், இடையிடையே பாறைக் குன்றுகள். பன்றிக்கு மல்லாட்டையும் கரும்பும் போதும். ஒரு கூட்டம் இறங்கினால் ஓரிரவில் கொல்லை உழுதது போலாகிவிடும். அதே இரவில், அதே கொல்லையில் யார் யார் இருப்பார்கள்? மும்முனை மின்சாரம் இரவு முறையில் வந்தால் மோட்டார் போட்டு மடை திருப்பப் போகிற விவசாயி இருப்பார். அவருடைய டார்ச் வெளிச்சம் ஒரு இடத்தில் நிற்காது. விடியற்காலை நான்கு மணிக்கே ஏரிக்கரைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டியாயிற்று என்று தாளில் எழுதலாம், தண்ணீர் இல்லாத கழிப்பறையை யார் பயன்படுத்துவது? சேவூர், தேவிகாபுரம், ஒண்ணுபுரம் என்று தறி ஓடும் ஊர்களில் பாவு வாங்கவும் நெய்த சேலையைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் காலையிலேயே கிளம்பி, முதல் பேருந்தைப் பிடிக்கக் குறுக்கு வழியில் வரப்பேறி நடக்கிறவர்கள் இருப்பார்கள். ஆடி மாதமென்றால் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு நடந்தே போகிற கூட்டமும் சேரும். அவர்கள் இந்த வட்டாரத்துக்குப் புதியவர்கள். எந்தக் கொல்லையில் யார் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை.

இவர்களையெல்லாம் 'அத்துமீறி நுழைந்தவர்கள்' என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடும் பழக்கம் நம்மிடம் பரவி வருகிறது. கம்பிவேலி போட்டவர்களுக்கு அந்த வார்த்தை மிகவும் வசதியானது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆவது பிரிவில், குற்றம் செய்யும் நோக்கமோ, நிலத்துக்காரரை மிரட்டும், அவமதிக்கும், தொல்லைப்படுத்தும் நோக்கமோ இருந்தால்தான் அத்துமீறல் குற்றமாகும். வரப்பில் நடந்து போவது குற்றமல்ல. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: 20 ஆண்டுகள் தடையின்றி, வெளிப்படையாக, உரிமையோடு நடந்து வந்த வழி, நடந்தவரின் உரிமையாகவே ஆகிவிடுகிறது. ஆரணியைச் சுற்றியுள்ள வரப்பு வழிகளில் பலவற்றுக்கு 20 என்ன, தலைமுறைக் கணக்கே உண்டு. புல வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் வண்டிப்பாதையாகவே குறித்திருக்கும் வழிகள் இன்று ஒருவரின் நெல்லுக்குள் காணாமல் போயிருப்பதும் தெரியவரும். யார் எங்கே அத்துமீறினார் என்ற கேள்வி சில இடங்களில் திரும்பிப் பாயும்.

மெய்யாகவே தப்பு செய்ய வருகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. மோட்டார் கேபிளை அறுத்துச் செம்புக் கம்பி திருடுகிறவர்கள், நாய்களோடு முயல் வேட்டைக்கு வருகிறவர்கள், கிணற்று மேட்டில் குடித்துவிட்டுப் புட்டியை உடைத்துப் போடுகிறவர்கள். இவர்களால் விவசாயி படும் எரிச்சல் நியாயமானதே. ஆனாலும் இவர்கள் யாருக்கும் துப்பாக்கி பதிலாகாது. கொள்ளை, இரவில் வீடு புகுதல், தீவைப்பு போன்ற சிலவற்றைத் தவிர, சொத்தைக் காக்க உயிரைப் பறிக்கும் உரிமையைச் சட்டம் யாருக்கும் தரவில்லை. நிலத்தில் நிற்கிறவரை நோக்கித் துப்பாக்கியைத் திருப்பினால், குண்டு பாயாவிட்டாலும் பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கியதாக வழக்கு வரலாம். பாய்ந்து உயிர் போனால் கவனக்குறைவு மரணம் என்ற வகையிலேயே 5 ஆண்டுவரை சிறை.

இதுவரை சொன்னது வெளியே தெரியும் துப்பாக்கியைப் பற்றி. பெரிய ஆபத்து மறைவில் இருக்கிறது. ஜவ்வாது மலை ஊர்களிலும் அடிவாரத்திலும் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைத்தால் வழக்கில்லை என்று காவல்துறை அவ்வப்போது அறிவிப்பதே, அவை எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதற்குச் சான்று. குழலின் வாய்வழியே கரிமருந்தும் பால்ரஸும் கெட்டிக்கும் இந்தத் துப்பாக்கிக்கு ஒரு தீராத குறை உண்டு. தோட்டாத் துப்பாக்கியென்றால், ஆள் வருவது தெரிந்ததும் மடக்கித் தோட்டாவை எடுத்துவிடலாம். கெட்டித்த நாட்டுத் துப்பாக்கியை நின்ற இடத்தில் காலி செய்ய எளிய வழி கிடையாது. பற்றவைக்கும் கேப்பைக் கழற்றினாலும் மருந்து உள்ளேதான் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பயிர்ப் பாதுகாப்புக்கென்று முதலில் கைகாட்டுவது இந்த வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான். அந்த உரிமம் கையில் இருந்தாலும் பன்றியைச் சுட வனவிலங்குச் சட்டத்தின்படி தனி அனுமதி வேண்டும் என்பது உரிமம் வைத்திருப்பவர்களிலேயே பலருக்குத் தெரிவதில்லை. போதாக்குறைக்குத் தேர்தல் வந்தால் துப்பாக்கி காவல் நிலையத்துக்குப் போய்விடும். பன்றிக்கு நடத்தை விதி கிடையாது. உடனே கொல்லையைச் சுற்றி மின்கம்பி கட்டி வீட்டு மின்சாரத்தையே பாய்ச்சுகிறார்கள். அதில் பன்றியோடு மனிதரும் மாட்டி இறந்த செய்தியை வட மாவட்டத்துப் பத்திரிகை வாசகர்கள் ஆண்டுதோறும் படிக்கிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே 3 யானைகள் மின்வேலியில் இறந்த பிறகு, அதே ஆண்டு மின்வேலிகளைப் பதிவு செய்ய விதிகள் வந்தன. வரப்பில் நடந்தவர்கள் மாட்டி இறந்த காலமெல்லாம் அந்த விதி வரவில்லை.

பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடும்போது என்ன பயம் என்று கேட்கலாம். புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைக்குப் பக்கத்தில் பசுமலைப்பட்டியில் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளம் இருந்தது. குறி, நேரம், காவல், மேலதிகாரி எல்லாம் இருந்த இடம். 2021 டிசம்பர் 30 அன்று பயிற்சியின்போது பாய்ந்த குண்டு, அருகே தன் பாட்டி வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பட்டது. சில நாட்களில், 2022 ஜனவரி 3 அன்று, அந்தப் பிள்ளை இறந்தான். அவன் எங்கும் அத்துமீறவில்லை. பட்டப்பகலில், அசையாத குறியைச் சுடும்போதே இது நடந்தது. இருட்டில், ஓடும் பன்றியை, ஆளுயரக் கரும்புக்கு நடுவே சுடுவதைப் பற்றி என்ன சொல்வது? 2023 அக்டோபரில் தேனி மாவட்டம் கூடலூரை ஒட்டிய வனப்பகுதியில் வனத்துறையினர் சுட்டதில் ஒரு விவசாயி இறந்தார். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது துறை, உறவினர்கள் ஏற்கவில்லை. நேர்ந்தது வேறு சூழலில் என்றாலும், விவசாயிகள் மனதில் அந்தச் செய்தி இன்னும் நிற்கிறது என்பதைத் துறை மறக்கக் கூடாது.

வெளிநாடுகளில் இந்தச் சிக்கல் பழையது. இங்கிலாந்தில் விளைநிலங்களுக்கு ஊடே பொது நடைபாதைகள் போகின்றன. வேட்டையும் அங்கேயே நடக்கிறது. 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டப்படி, வண்டிச் சாலையின் நடுவிலிருந்து 50 அடிக்குள் துப்பாக்கி வெடித்து, போவோர் வருவோருக்குக் காயமோ இடையூறோ ஆபத்தோ நேர்ந்தால் அது குற்றம். வழக்கம் அதைவிடக் கண்டிப்பானது. நடப்பவர் கண்ணில் பட்டால் சுடுவதை நிறுத்தி, தோட்டாவை எடுத்துவிட்டு, அவர் தாண்டிப் போகும்வரை காத்திருக்க வேண்டும். பிரான்சு இதைக் கற்க ஓர் உயிரைக் கொடுத்தது. 2020 டிசம்பரில் அந்நாட்டின் லோட் மாவட்டத்தில், வீட்டருகே விறகு வெட்டிக்கொண்டிருந்த 25 வயது இளைஞரைக் காட்டுப்பன்றி என்று நினைத்து வேட்டைக்காரர் சுட்டுவிட்டார். நாடே கொதித்தது. 2023 ஜனவரியில் சுட்டவருக்கும் வேட்டையை நடத்தியவருக்கும் தண்டனை ஒத்திவைக்கப்பட்ட சிறை என்று தீர்ப்பாயிற்று. சுட்டவர் இனி வாழ்நாளில் வேட்டையாடக் கூடாது. பன்றி வேட்டையில் பளிச்சிடும் ஆரஞ்சு மேலாடை அங்கே கட்டாயம். பக்கத்தில் நிற்கும் ஆள் இருக்கும் திசையிலிருந்து 30 பாகை தள்ளித்தான் சுடலாம் என்று ஒவ்வொருவருக்கும் கற்பிக்கிறார்கள். அங்கே வேட்டை பொழுதுபோக்கு. இங்கே பயிர் காக்கும் வேலை. குண்டுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

விவசாயியின் பக்கத்து நியாயத்தை மறைத்துவிட்டு இதைச் சொல்லவில்லை. பட்டுச்சேலைக்குப் பெயர்போன இந்த வட்டாரத்தில், பழஞ்சேலைகளைக் கொல்லையைச் சுற்றி வேலியாகக் கட்டித் தகரம் தட்டிக்கொண்டு கண் விழித்துக் கிடக்கிறார்கள். மாதந்தோறும் குறைதீர்வுக் கூட்டத்தில் மனு கொடுக்கிறார்கள். அரசு துரிதமாக, முறையாகப் பன்றியைக் கட்டுப்படுத்தினால்தான் கள்ளத் துப்பாக்கியும் மின்கம்பியும் அவுட்டுக்காய் வெடியும் குறையும். அனுமதி தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் மறைவான துப்பாக்கிகளுக்குத்தான் வேலை. ஆகவே பாதுகாப்பு விதி என்ற பெயரில் இன்னொரு முட்டுக்கட்டை போட நாம் கேட்கவில்லை.

நாம் கேட்பவை செய்யக்கூடியவை. வயல்வெளியில் தரைமட்டத்தில் நின்று சுடுவதை அனுமதிக்கவே கூடாது. பரண் மேலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் தவறிய குண்டு மண்ணில் இறங்கும். சமதரையில் நின்று சுட்டால் வரப்பைத் தாண்டி எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ரைஃபிள் குண்டு ஒரு கிலோமீட்டரையும் தாண்டக்கூடியது. நடைவழியும் வண்டிப்பாதையும் குண்டு போகும் திசையில் இருந்தால் அந்த இடத்தில் அன்றைக்குச் சூடு கிடையாது. வழியின் இரு முனையிலும் விளக்கோடு ஆள் நிற்க வேண்டும். யாராவது வந்தால் காத்திருக்க வேண்டியது துப்பாக்கிதான், நடப்பவர் அல்ல. விடியற்காலை ஆள் நடமாட்டம் தொடங்கும் முன் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். சூடு நடக்கும் இரவில் அந்தப் பகுதிக்கு மும்முனை மின்சாரத்தைப் பகலுக்கு மாற்றித் தருவது மின்வாரியத்துக்குப் பெரிய காரியமில்லை. மடை திருப்ப யாரும் இருட்டில் போக வேண்டியிருக்காது. முன்னறிவிப்பை வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டோம் என்று தப்பிக்கக் கூடாது. தண்டோராவை அரசு 2022இல் ஒழித்தது நல்லதுதான். அதற்குப் பதில் ஒலிபெருக்கி வண்டி தெருத்தெருவாக, காலனி உட்பட, போக வேண்டும். படவேட்டில் ஆடித் திருவிழாக் காலத்தில் அந்த வழிகளில் சூடே வேண்டாம்.

கிராமக் குழுவும் சரியாக அமைய வேண்டும். திருவண்ணாமலை உள்ளிட்ட மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்றே முடிந்துவிட்டது. சுடும் ஏற்பாடு வந்த அதே மாதத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாமல் போனார். அதிகாரிகள் மட்டும் உட்கார்ந்து எழுதும் பரிந்துரையில் நிலத்துக்காரரின் குரல் எப்படியாவது வந்துவிடும். நிலமில்லாமல் நிலத்தின் மேல் நடக்கிறவர்களின் குரல் வராது. தறிக்காரர், ஆடு மேய்ப்பவர், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண் ஆகியோரிலிருந்து ஒருவராவது குழுவில் இருக்கட்டும். பரிந்துரைத் தாளிலும் ஒரு பத்தி சேரட்டும்: இந்தக் கொல்லையைக் கடந்து போகும் வழிகள் எவை, எந்த நேரத்தில் யார் போகிறார்கள், அன்றிரவு அங்கே யார் காவல் நிற்பார்? அந்தப் பத்தி காலியாக இருக்கும் தாளில் வனச்சரகர் கையெழுத்துப் போடக் கூடாது.